ஒழுங்கீனமாகக் குணமடைந்த பியாட்றிஸ் ரீச்சர்

மனித குலம் முதன்முதலாகக் காலில் முள் ஏறி "ஐயோ" என்று கத்திய நாளிலிருந்து எங்கள் நிறுவகத்துக்காகத்தான் காத்திருந்தது என்பதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். இடையில் வந்த சித்தர்களும் பரியாரிமாரும் மிஷன் டொக்டர்மாரும் அந்தக் காத்திருப்பு அலுக்காமல் இருப்பதற்காக வந்துபோனவர்கள்.

நான் அந்த நிறுவகத்தின் தொடர்பாடல் அலுவலர். நிறுவகம் செய்வதை மக்களுக்குச் சொல்வதும், மக்கள் சொல்வதை நிறுவகத்துக்குச் சொல்லாமல் விடுவதும் என் கடமை.

நிறுவகத்தைத் தொடங்கியவர் பேராசிரியர் செந்தூரன். ஒன்பது வருடம் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து, யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய மனதோடும் அதைவிடப் பெரிய பெயர்ப்பலகையோடும் திரும்பி வந்தவர். "மூலிகை மருந்துக் கடத்தல் ஆய்வு நிறுவகம்" என்று பலகையில் எழுதுவித்தார். மருந்தை உடம்பில் அது சேரவேண்டிய இடத்துக்குச் சேதமில்லாமல் கொண்டுபோவதற்கு விஞ்ஞானத்தில் கடத்தல் என்று பெயர். பொலிசார் விஞ்ஞானம் படித்தவர்கள் அல்லர். பலகை காயுமுன்பே ஜீப் வந்தது.

"இஞ்சை என்ன கடத்துறீங்கள்?" என்று பொறுப்பதிகாரி கேட்டார்.

"நனோத் துகள்," என்றார் பேராசிரியர் பெருமையோடு.

"தூளோ?"

"தூளிலும் பார்க்கச் சின்னது. கண்ணுக்கே தெரியாது."

"எங்கையிருந்து எங்கை போகுது?"

"வெளியிலையிருந்து உள்ளுக்கு. தோலுக்குள்ளாலை."

பின்னேரம் வரை தேடினார்கள். கிடைத்தது ஒரு கட்டுக் குப்பைமேனி. அதை மோந்து பார்த்துவிட்டு மிகுந்த ஏமாற்றத்தோடு போனார்கள். மறுவாரம் பலகையில் "கடத்தல்" போய் "சேர்ப்பியல்" வந்தது.

குப்பைமேனிதான் எங்கள் மூலிகை. வேலியோரம், ஒழுங்கைக்கரை, குப்பைமேடு என்று கேட்பாரில்லாமல் முளைப்பதால் அதற்கு இதுவரை விஞ்ஞான அந்தஸ்து கிடைத்திருக்கவில்லை. பேராசிரியர் அதைக் கண்ணாடி வீட்டில் நட்டு, குளிரூட்டி பூட்டி, காய்ச்சி வடித்த நீர் ஊற்றினார். அது அவ்வளவு மரியாதையைத் தாங்கமாட்டாமல் செத்துப்போனது. பிறகு சண்டிலிப்பாய்த் தோட்டவெளிகளில் பிடுங்கி வந்து, "கண்காணிக்கப்பட்ட இயற்கைச் சூழலில் பெறப்பட்டது" என்று எழுதிக்கொண்டோம். அந்த இலைச்சத்தை நனோத் துகள்களுக்குள் அடைத்து, துகள்களைப் பச்சைப் பசையில் கலந்து, பசையை ரியூப்பில் நிரப்பினோம். நீரிழிவுக்காரரின் ஆறாத கால்புண்ணில் பூசினால் துகள் மெல்ல மெல்ல உள்ளே போய்ப் புண்ணை ஆற்றும். எலிகள் இதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருந்தன. மனிதர்கள்தான் பாக்கி.

எனவே வடமராட்சியில் கால்புண் உள்ளவர்களைத் திரட்டினோம். பாதிப்பேருக்கு உண்மையான மருந்து. மற்றப் பாதிப்பேருக்கு, அவர்கள்தான் "கட்டுப்பாட்டுக் குழு", அதே நிறத்தில் வெறும் கஞ்சிப்பசை. யாருக்கு எது என்று நோயாளருக்கும் தெரியாது, பூசுபவருக்கும் தெரியாது, பேராசிரியருக்கும் தெரியக்கூடாது. பெயர்கள் பூட்டியிருந்த அலுமாரியின் திறப்பு எங்கள் புள்ளிவிபரவியலாளர் கஜந்தினியிடம் மட்டும் இருந்தது. "இருபக்கமும் கண்கட்டிய ஆய்வு" என்று இதற்குப் பெயர். விஞ்ஞானம் எவ்வளவு நேர்மையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பசையைத் தினமும் காலையில் புண்ணைக் கழுவித் துடைத்த பிறகே பூசவேண்டும். அதற்காகப் பருத்தித்துறையிலிருந்து மதுஷா என்ற பிள்ளையை வேலைக்கு எடுத்து ஒரு ஸ்கூட்டியும் கொடுத்தோம். தாதிப் பயிற்சி முடித்தவள். வாய் ஓயாதவள். நேர்முகத் தேர்வில் நாங்கள் அவளைக் கேட்டதைவிட அவள் எங்களைக் கேட்டது அதிகம்.

உடுப்பிட்டியில் அவளுக்குக் கிடைத்த நோயாளி பியாட்றிஸ் ரீச்சர். சங்கீதம் படிப்பித்து இளைப்பாறியவர். ஊர்த் தேவாலயத்தில் பெடல் ஓர்கன் வாசிப்பவர். அந்த ஓர்கனுக்கு இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்துக் காற்றுக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வராது. ரீச்சரின் வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு புண் திறந்து மாதக்கணக்காக மூடாமல் கிடந்தது. ஞாயிறு தோறும் யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியிலிருந்து பாட்டுப் போட்டுச் சபை பாடியது. ரீச்சருக்கு அது புண்ணைவிட நொந்தது.

முதல் நாள் காலை மதுஷா தண்ணீர்ப் பேசினோடு அவர் காலடியில் நிலத்தில் குந்தினாள்.

"ரீச்சர், காலைக் காட்டுங்கோ."

"கண்டவைக்கெல்லாம் காலைக் காட்ட நான் என்ன டான்ஸ்காரியோ?"

"நான் கண்டவ இல்லை, உங்களுக்கெண்டு வந்தவ. வெறுங்காலோடையோ திரியிறனீங்கள்?"

"ஆண்டவற்றை வீட்டுக்குள்ளை செருப்போடை போய் எனக்குப் பழக்கமில்லை."

"ஆண்டவர் செருப்பைப் பாக்கமாட்டார், ரீச்சர். புண்ணைத்தான் பாப்பார். போடுங்கோ. ராத்திரி என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கொஞ்சப் பிட்டு."

உள்ளே இருந்து கணவர் ஏர்னெஸ்டின் குரல் வந்தது. அவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து இளைப்பாறியவர். கண்ணில் பூ விழுந்திருந்தாலும் கடமை உணர்வு குறையவில்லை. "பிட்டு. பேந்து இரண்டு வாழைப்பழம். பேந்து பிறந்தநாள் வீட்டிலை தந்துவிட்ட கேக்."

"உந்த மனிசனுக்குக் கேக் எண்டால் மட்டும் கண் தெரியும்," என்றார் ரீச்சர்.

இப்படியே நாள் போனது. மதுஷா வருவாள், கழுவுவாள், பசை பூசிக் கட்டுவாள், இரத்தத்தில் சீனி அளந்து பார்ப்பாள், ஏசுவாள். ரீச்சர் திருப்பி ஏசுவார். கனடாவிலிருக்கும் மகள் பேசாமல் விட்ட கதையெல்லாம் அவளிடம் சொல்லுவார். அவள் ஒரு நாள் ஓர்கன் வாசிக்கும்போது போடுவதற்கென்று மெல்லிய அடியுள்ள செருப்பு ஒன்று வாங்கி வந்து, "இது கோயிலுக்கு மட்டும். ரோட்டிலை போட்டால் பாவம்," என்று சட்டமும் போட்டுக் கொடுத்தாள். புண் காசளவாகி, பட்டனளவாகி, ஆனி மாதத்தில் ஒரு கோடாக ஒடுங்கியது. அந்த ஞாயிறு ஓர்கன் திரும்பவும் பாடியது. சந்தோஷத்தில் ரீச்சர் மிதித்த மிதியில் பாட்டு ஓடத் தொடங்கி, சபை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடியதாகக் கேள்வி.

அடுத்த வாரம் எங்கள் இடைக்கால மீளாய்வுக் கூட்டம் நடந்தது. நீரிழிவு பற்றிய கூட்டம் என்பதால் லட்டும் கேக்கும் வைத்திருந்தோம். கஜந்தினி எழுந்து நின்றாள்.

"சேர், மருந்து பூசின ஆக்களுக்குப் புண் நல்லா ஆறியிருக்கு."

எல்லாரும் கைதட்டினோம்.

"மருந்து பூசாத ஆக்களுக்கும் அதேயளவு ஆறியிருக்கு."

கைதட்டல் நின்றது. காது மந்தமான ஓர் ஆலோசகர் மட்டும் இன்னும் கொஞ்சம் தட்டினார்.

"அதெப்பிடி?" என்றார் பேராசிரியர். "அவையளுக்கு நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லையே!"

"ஒண்டும் குடுக்கேல்லை எண்டில்லை, சேர். ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் போய்க் காலைக் கழுவுது. சீனி பாக்குது. செருப்புப் போடப்பண்ணுது. எனக்கெண்டால் அதுதான் வேலை செய்திருக்கு எண்டு தெரியுது. அப்பிடியே எழுதலாம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தானே?"

பேராசிரியர் லட்டைக் கீழே வைத்தார். அவர் லட்டைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"கால் கழுவினால் புண் ஆறும் எண்டு சொல்லவோ நான் ஒன்பது வருஷம் வெளியிலை படிச்சனான்? அதுக்கு ஆர் காப்புரிமை தருவினம்? மதுஷாவை ரியூப்பிலை அடைக்கேலுமோ?"

மதுஷாவை அடைக்கக்கூடிய ரியூப் எங்களிடம் இல்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டோம். "கட்டுப்பாட்டுக் குழுவில் ஒழுங்கீனமான குணமடைதல் அவதானிக்கப்பட்டது" என்று தீர்மானமாயிற்று.

"அந்தக் குழுவிலை ஆரார் எண்டு சொல்லும்," என்றார் பேராசிரியர்.

"அதைச் சொல்லக்கூடாது, சேர். கண்கட்டின ஆய்வு."

"ஒரு கண்ணை மட்டும் திறப்பம். நெறிமுறைக் குழுவின்ரை அனுமதி இருக்கு."

நெறிமுறைக் குழுவின் தலைவரும் பேராசிரியர்தான். தன்னைத்தானே கடுமையாகக் கேள்வி கேட்டு, தன் பதில்களில் திருப்தியடைந்து, அனுமதி வழங்கியிருந்தார். கஜந்தினி அலுமாரித் திறப்பை மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுப்பாட்டுக் குழுவில் மிக மோசமாகக் குணமடைந்திருந்தவர் பியாட்றிஸ் ரீச்சர்.

அவரிடம் விளக்கம் கோரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் போனபோது ரீச்சர் முற்றத்தில் செருப்போடு நின்று பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், உங்களுக்கு ஏன் சுகம் வந்தது எண்டு நிறுவகம் அறிய விரும்புது."

"ஏன், சுகம் வந்தது குற்றமோ?"

"குற்றமெண்டில்லை. முறைப்படி வந்ததோ எண்டு பாக்கவேணும்."

"உங்கடை மருந்தாலைதானே தம்பி ஆறினது? வேறை ஒண்டும் நான் தொடேல்லை. பைபிளிலை அடிச்சுச் சொல்லுவன்."

ஏர்னெஸ்ட் அங்கிள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "அவைக்குக் காணாதாம் போலை. மற்றக் காலையும் புண்ணாக்கித் தரட்டோ எண்டு கேள்."

நான் சிரித்தேன். தொடர்பாடல் பயிற்சியில் சிரிப்பும் ஒரு பாடம். "மருந்தைத் தொடர்ந்து பூசுங்கோ, ரீச்சர்," என்று சொல்லி, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அவர் பூசிக்கொண்டிருந்தது கஞ்சிப்பசை என்று அப்போது எனக்குத் தெரியும். அதைச் சொல்வது ஆய்வைக் குழப்பும் என்பதும் தெரியும்.

பிறகு மதுஷாவை அழைத்து விசாரித்தோம்.

"நீர் நோயாளரோடை என்ன கதைக்கிறனீர்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"எல்லாம்தான் சேர். சாப்பாடு, செருப்பு, பிள்ளையளின்ரை கதை."

"அதுகள் ஆய்வுத் திட்டத்திலை இல்லை. அங்கீகாரமில்லாத பராமரிப்பு. ஆய்வை ஆறு மாசம் நீட்டியிருக்கிறம். இனி நான் தாற பெயர்களுக்கு மட்டும்தான் நீர் போகவேணும். மற்றாக்களுக்கு ரியூப் தபாலிலை போகும். அவையளே பூசட்டும்."

மதுஷா பெயர்களைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தாள். ரீச்சரின் பெயர் அதில் இருக்கவில்லை.

"அப்ப ரீச்சருக்கு இவ்வளவு நாளும் வெறும் பசையோ?"

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சேர், அவவுக்குப் புண் உள்ளங்காலிலை. விறைச்ச கால், நோவும் தெரியாது. தன்ரை உள்ளங்காலை அவ எப்பிடிப் பாக்கிறது?"

"கண்ணாடி வைச்சுப் பாக்கட்டும்."

"அங்கிளுக்குக் கண் தெரியாது."

"அது எங்கடை ஆய்வுப் பரப்புக்குள்ளை வராது," என்றார் பேராசிரியர். ஓர் ஆய்வாளனுக்குத் தன் எல்லை தெரியவேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வு உடனே சீரடையத் தொடங்கியது. கட்டுப்பாட்டுக் குழுவில் புண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆனால் ஒரேயொரு கால் மட்டும் ஒத்துழைக்க மறுத்தது. உடுப்பிட்டிக் கால். ஏன் என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். பின்னேரம் போனேன். நிலத்தில் அதே தண்ணீர்ப் பேசின். பக்கத்தில் மதுஷா. ஸ்கூட்டி இல்லை, பஸ்ஸில் வந்திருந்தாள்.

"வேலை முடிஞ்ச பிறகுதான் வாறனான்," என்றாள் என்னைப் பாராமல். "இது என்ரை நேரம். என்ரை பஸ் காசு."

"காலை நல்லாத் துடை பிள்ளை," என்றார் ரீச்சர். "தம்பியும் பாக்கட்டும், உங்கடை மருந்தின்ரை கெட்டித்தனத்தை."

கண்டதை நான் நிறுவகத்துக்கு அறிவித்தேன். "ஆய்வுக்கு ஊறு விளைவித்தமை" என்ற காரணத்துக்காக மதுஷா நீக்கப்பட்டாள். கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். போகுமுன் ரீச்சரிடம் வந்து, "அந்த ரியூப்பை எறிஞ்சுபோட்டுப் பருத்தித்துறைக் கிளினிக்குக்குப் போங்கோ. அதுக்குள்ளை மருந்தில்லை, ரீச்சர்," என்று கெஞ்சினாளாம். ரீச்சர் நம்பவில்லை. வேலை போன கோபத்தில் பிள்ளை கதைக்கிறது என்று நினைத்தார்.

"அந்தத் தம்பி வீடு தேடி வந்து பூசச் சொன்னவரல்லோ?" என்றாராம். "படிச்ச ஆக்கள் பொய் சொல்லுவினமோ?"

எங்கள் நிறுவகத்தின்மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்பியதில் எனக்கும் ஒரு சிறு பங்குண்டு.

கார்த்திகை மழையில் கோயிலுக்குரிய செருப்பு நனைந்து அடி விட்டுப்போயிற்று. ரீச்சர் வெறுங்காலோடு பாலன் பிறப்புப் பாடல் பயிற்சிக்குப் போய் ஓர்கன் மிதித்தார். நோகவில்லை. ஒழுங்காகப் பசையும் பூசினார், தெரியாத இடத்தில் கைபோன போக்கில். முதலில் அறிந்தவர் ஏர்னெஸ்ட் அங்கிள்தான். கண்ணால் அல்ல, மூக்கால்.

"பியா, ஏதோ மணக்குது."

"எலி செத்துக் கிடக்கும்."

"எலியில்லை. உன்ரை பக்கம்தான்."

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்களாம். அந்த நத்தார்ப் பண்டிகைக்குச் சபை கைத்தொலைபேசியோடு பாடியது. ஏர்னெஸ்ட் அங்கிள் வார்ட்டில் மனைவியின் கட்டிலோரம் இருந்து, அவருக்குக் கேட்கட்டும் என்று, தனக்கு வராத ராகத்தில் ஒரு பாட்டை முழுக்கப் பாடினார். ரீச்சர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிழை பிடிக்கவில்லை. நாற்பது வருடத்தில் அவர் பிழை பிடிக்காமல் விட்ட முதல் பாட்டு அது என்று அங்கிள் பிறகு என்னிடம் சொன்னார்.

தை மாதம் இறுதிக் கூட்டம். கஜந்தினி தாளைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். "இரண்டு குழுவுக்கும் இடையிலை குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கு, சேர்." கைதட்டல் இம்முறை பாதியில் நிற்கவில்லை. அவள் கேக்கைத் தொடவில்லை. ஆய்வுக் கட்டுரையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டாள். அவளுடைய தன்னடக்கத்தைப் பாராட்டி எடுத்துவிட்டோம். மாதம் முடியுமுன் அவளும் வேலையை விட்டுப் போனாள்.

விருது விழா யாழ்ப்பாணத்தில் ஒரு நட்சத்திர விடுதியில் நடந்தது. "பயனாளி" ஒருவர் மேடையில் இருந்தால் படத்துக்கு நல்லது என்று நான்தான் யோசனை சொன்னேன். வாகனம் அனுப்பி ரீச்சரையும் அங்கிளையும் அழைத்துவந்தோம். ரீச்சர் ஊன்றுகோலோடு மெல்ல மேடையேறினார். பேராசிரியர் குனிந்து, பட்டு நாடா கட்டிய ஒரு பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"இதுதான் ரீச்சர் உண்மையான மருந்து. உங்களுக்கு இலவசம்."

ரீச்சர் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். நான் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டேன்.

"உண்மையானதெண்டால்," என்றார், "முந்தித் தந்தது என்ன?"

"அது... அதுதான் ரீச்சர் விஞ்ஞானம். ஆரோ ஒராள் மருந்தில்லாமல் இருந்தால்தானே மருந்தின்ரை அருமை தெரியும்."

"அப்ப அந்தப் பிள்ளை சொன்னது மெய்." அவருடைய குரல் உயரவில்லை. வகுப்பில் பிழையாகப் பாடிய பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். "எனக்கு மெய் சொன்ன ஒரே ஆளை நீங்கள் கலைச்சீங்கள். நானும் நம்பாமல் விட்டன்."

பெட்டியை மேசையில் வைத்தார். "வாங்கோப்பா, போவம்," என்று கணவரின் கையைத் தொட்டார். ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்கு விரல் இல்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அவர்கள் படி இறங்க வெகுநேரம் எடுத்தது. சபையோர் அதை உணர்ச்சிவசப்பட்ட நன்றியுரை என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கைதட்டினார்கள். அப்படித்தான் நானும் பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தேன். கனடாவிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்து ஒரு மணித்தியாலம் என்னை ஏசினார். கொழும்பிலிருந்து இன்னொரு பெண் எடுத்து ஒன்றும் பேசாமல் அழுதார். இருவருடைய கருத்துகளுக்கும் நிறுவகம் சார்பில் நன்றி தெரிவித்தேன்.

எங்களைப் பற்றிப் பொறாமைக்காரர் பலதும் சொல்லலாம். வித்தியாசம் இல்லாத இடத்தில் வித்தியாசத்தை உண்டாக்குவது எல்லாராலும் ஆகிற காரியமா? காப்புரிமை கிடைத்துவிட்டது. மூன்றாம் கட்ட ஆய்வுக்கு வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் ஆட்களைச் சேர்க்கிறோம். மருந்து பூசப்படும் குழு நிரம்பிவிட்டது, நிறுவக உத்தியோகத்தரின் உறவினர்களே அதை நிரப்பிவிட்டார்கள். கட்டுப்பாட்டுக் குழுவில் இன்னும் நிறைய இடமிருக்கிறது. பத்து விரல்களும் உள்ளவர்கள் தயங்காமல் வரலாம். எங்கள் மருந்தின் வெற்றி உங்கள் காலில்தான் நிற்கிறது.